முடிவுத் தேதியும் குவாட்டர் பாட்டிலும்: இரண்டு அலுவலகங்களுக்கு ஒரு மடல்

பெறுநர்:
மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அதிகாரிகள்,
தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தலைவர், உறுப்பினர்கள்.

வணக்கம்.

உங்கள் இரண்டு அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே மடல் இதற்கு முன் வந்திருக்குமா, தெரியவில்லை. ஒருவர் கையில் மதுக்கடையும் இருக்கிறது, மது விழிப்புணர்வும் இருக்கிறது. இன்னொருவர் கையில், ஒரே காலையில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு இருக்கிறது. நான் ஒரு மாவட்டத் தலைநகரில் போட்டித் தேர்வு வகுப்பில் கணக்கு நடத்துபவன். தனிவட்டி, கூட்டுவட்டி, ஆள்-நாள் கணக்கு, வயதுக் கணக்கு. என் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இருபத்தொன்றிலிருந்து முப்பதுக்குள் வயது. என்றைக்காவது ஒரு நாள் என்றிருந்த குடி, வாரத்துக்கு நான்கு நாளாகப் பெருகுவதை இந்த வயதில்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

சொல்ல வருவது இதுதான். ஒரு இளைஞனின் குடி எந்த அளவுக்குப் போகிறது என்பதில், அவன் காலத்தை எப்படிப் பார்க்கிறான் என்பதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. அவன் காலத்தை அப்படிப் பார்ப்பதில் உங்கள் இருவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

முதலில் மதுவிலக்குத் துறைக்கு. ஆண்டுதோறும் ஜூன் 26 போதைப்பொருள் ஒழிப்பு நாள் வருகிறது. கல்லூரி வாசலிலிருந்து பேரணி, உறுதிமொழி, வெயிலில் ஒரு மணி நேர நடை, முடிவில் டீயும் பிஸ்கட்டும். பதாகையில் சுருங்கிப்போன கல்லீரலின் படம். இல்லாவிட்டால் தலைவிரி கோலமாக ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. கீழே 'குடி குடியைக் கெடுக்கும்'. இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் இருபத்து நான்கு வயதுக்காரனிடம் நாற்பத்தைந்து வயதுக் கல்லீரலைக் காட்டுகிறோம். இன்னும் பெண்ணே பார்க்காதவனிடம் அவன் பெண்டாட்டி அழுவதைக் காட்டுகிறோம். இருபது வருடம் தள்ளிப் பார்த்து இன்றைய ராத்திரிக்கு முடிவெடுக்கிற ஆளை மனதில் வைத்துத்தான் இந்தப் பதாகைகள் எழுதப்படுகின்றன. அப்படித் தள்ளிப் பார்க்கிறவன் பொதுவாகவே குறைவாகத்தான் குடிக்கிறான். பதாகை யாருக்கு வேண்டுமோ அவன் கண்ணில் அது படுவதே இல்லை.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஃபிலிப் ஜிம்பார்டோ, ஜான் பாய்டு என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999இல் ஒரு வினாத்தாள் வெளியிட்டார்கள். மொத்தம் 56 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போட வேண்டும். மனிதர்கள் காலத்தைப் பார்க்கும் விதத்தை அதை வைத்து ஐந்தாகப் பிரித்தார்கள். நடந்த கசப்பையே நினைத்துக்கொண்டிருப்பது ஒன்று. நடந்த நல்லதை நினைத்து நிறைவது ஒன்று. இந்த நேரத்து இன்பத்தை விடாமல் பிடிப்பது ஒன்று. எதுவும் நம் கையில் இல்லை, நடப்பது நடக்கட்டும் என்று இன்றையில் கிடப்பது ஒன்று. நாளையை வைத்து இன்றைத் திட்டமிடுவது ஒன்று. அதே 1999இல் அவர்கள் கெல்லி கீயோவுடன் சேர்ந்து 2,600க்கும் மேற்பட்டவர்களிடம் இதைக் கேட்டு, கூடவே குடி, புகை, போதைப் பழக்கத்தையும் கேட்டார்கள். இன்றைய பொழுதிலேயே நிற்பவர்களிடம் இந்தப் பழக்கங்கள் கூடுதலாக இருந்தன. பிறகு வட அயர்லாந்துப் பள்ளி மாணவர்களிடம் மைக்கேல் மெக்கேயும் உடனிருந்தவர்களும் தொடர்ந்து பார்த்தார்கள். கடந்ததையும் வரப்போவதையும் கசப்பாகப் பார்க்கும் பிள்ளைகளிடம் சிக்கலான குடி அதிகம் தென்பட்டது.

ஒரு எச்சரிக்கை. இரண்டும் சேர்ந்தே காணப்படுகின்றன என்றுதான் இந்த ஆய்வுகள் சொல்கின்றன. குடித்துக் குடித்துக் காலம் சுருங்கியதா, காலம் சுருங்கியதால் குடி வந்ததா என்று ஒரு வினாத்தாளை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. இரண்டும் நடக்கும் என்பது என் எண்ணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

வகுப்பில் வட்டிக் கணக்கு நடத்தும்போது நான் ஏலச்சீட்டைத்தான் எடுத்துக்கொள்வேன். ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது பேர், மாதம் ஐயாயிரம். இரண்டாவது மாதமே பணம் வேண்டும் என்பவர் இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் வரை தள்ளி, அதாவது அவ்வளவையும் விட்டுக்கொடுத்து, எடுப்பார். கடைசி வரை பொறுப்பவருக்கு ஏறக்குறைய முழுத் தொகையும் வரும். ஒவ்வொருவரும் எவ்வளவு தள்ளத் தயார் என்பதுதான் காத்திருப்பதற்கு அவர் மனதில் போட்டிருக்கும் விலை. உளவியலாளர்கள் ஆய்வுக்கூடத்தில் கேட்கிற கேள்வியும் ஏறக்குறைய இதுதான்: இப்போதே கொஞ்சம் வேண்டுமா, ஆறு மாதம் கழித்து நிறைய வேண்டுமா? ருடால்ஃப் வுச்சினிச், கேத்தி சிம்ப்சன் இருவரும் 1998இல் கல்லூரி மாணவர்களிடம் இப்படிக் கேட்டபோது, அளவாகக் குடிப்பவர்களைவிடக் குடியால் பிரச்சினை உள்ளவர்கள் கூடுதலாகத் தள்ளினார்கள். தாமதமாகக் கிடைக்கும் பலனின் மதிப்பு அவர்கள் மனதில் வேகமாகத் தேய்கிறது.

சரி, இரண்டாவது மாதமே முப்பதாயிரம் தள்ளி எடுப்பவர் முட்டாளா? வகுப்பில் இதைக் கேட்டால் முதலில் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பின்வரிசையிலிருந்து யாராவது ஒருவர், "சார், சீட்டுக்காரர் இருபதாவது மாசம் ஊர்ல இருப்பாரா?" என்பார். சிரிப்பு எழும். சீட்டு நடத்தியவர் இரவோடு இரவாக வீட்டைப் பூட்டிவிட்டுப் போன கதை இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு. பொறுமை என்பது பொறுப்பவருடைய குணம் மட்டும் கிடையாது. சீட்டு நடத்துபவருடைய நாணயமும் அதில் பாதி. ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவரும் அவருடைய குழுவும் 2013இல் சின்னக் குழந்தைகளை வைத்து இதைக் காட்டினார்கள். ஒரு மிட்டாயைக் கொடுத்து, நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இன்னொன்று தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற பழைய சோதனை. இந்த முறை அதற்கு முன்னாலேயே பாதிக் குழந்தைகளிடம் ஒரு பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மீதிப் பாதியிடம் காப்பாற்றவில்லை. சொல் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தன. ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம்.

இங்கேதான் தேர்வாணையம் வருகிறது.

2022 குரூப் 4 தேர்வு ஜூலை 24 அன்று நடந்தது. முடிவு வந்தது 2023 மார்ச் 24. எட்டு மாதம். அதே ஆண்டு குரூப் 2 முதல்நிலைத் தேர்வு மே 21. முதன்மைத் தேர்வு 2023 பிப்ரவரி 25. முதன்மைத் தேர்வு முடிவு 2024 ஜனவரியில். முதல் தேர்வு எழுதியபோது இருபத்து மூன்று வயது என்றால், முடிவு வரும்போது இருபத்தைந்து ஆகப் போகிறது. நடுவில் வரும், அடுத்த மாதம் வரும், இந்த வாரம் வரும் என்று எத்தனை தேதிகள்! பிறகு நிலைமை மாறியது என்பதையும் எழுத வேண்டும். 2024 ஜூன் 9 குரூப் 4 தேர்வுக்கு அந்த அக்டோபர் கடைசியிலேயே முடிவு வந்துவிட்டது. இப்போது ஆண்டுத் திட்டம் வருகிறது, முடிவுகளுக்கான உத்தேசப் பட்டியலும் வருகிறது. நன்றி. அதோடு, இருபது லட்சத்துக்கு மேல் விண்ணப்பித்த அந்தத் தேர்வின் அறிவிப்பில் இருந்த இடங்கள் 6,244தான் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். ஒரு இடத்துக்கு முந்நூறு பேருக்கு மேல். சீட்டுக் கணக்கில் சொன்னால், இதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசி மாதத்திலும் பணம் விழாது. அதை அவர்களும் அறிவார்கள். அந்த அறிவோடு உட்கார்ந்து காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் ஒரு நாள் எங்கள் ஊர் டீக்கடையில் நின்று பார்க்க வேண்டும்.

தேர்வு முடிந்த அன்று மாலையே யூடியூபில் விடை ஓடும். ஒரு வாரத்தில் உங்கள் ஆன்சர் கீ வரும். ஆட்சேபம் எழுதுவார்கள். அப்புறம் கட்-ஆஃப் ஜோசியம் தொடங்கும். எத்தனை கேள்வி சரியாக இருந்தால் சேஃப், எந்தப் பிரிவுக்கு எவ்வளவு போகும், இடங்களைக் கூட்டுவார்களா. இது ஒரு மாதம் தாங்கும். அதற்குப் பிறகு வெறும் நாள்கள். சென்னைக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போகலாம்தான். ஆனால் எப்போது வேண்டுமானாலும் முடிவு வரலாம், வந்தால் சான்றிதழ் பதிவேற்ற வேண்டும், கலந்தாய்வுக்குப் போக வேண்டும், அடுத்த அறிவிப்பு வந்தால் மறுபடி படிக்க வேண்டும். அதனால் பையன்கள் பாதி வேலைகளில் ஒட்டிக்கொள்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் மாலை ஷிஃப்ட், முகூர்த்த நாளில் பந்தி பரிமாற, சாப்பாட்டு டெலிவரி. 'இப்ப என்ன பண்ற?' என்று கேட்கிற உறவினரைத் தவிர்ப்பதற்காகவே கல்யாணங்களுக்குப் போகாதவர்கள் உண்டு. பந்தி பரிமாறப் போகிற மண்டபத்தில் அதே உறவினர் இலையில் உட்கார்ந்திருப்பதும் உண்டு.

எங்கள் ஊரில் மைய நூலகம் இரவு எட்டு மணிக்கு மூடும். மதுக்கடை பத்து மணிக்கு மூடும். நடுவில் இருக்கிற இரண்டு மணி நேரத்தைப் பற்றி உங்கள் இரு அலுவலகத்திலும் யாராவது யோசித்ததுண்டா?

எட்டு மணிக்கு நூலக வாசலில் பைக்குகளை எடுப்பார்கள். வீட்டுக்கு இப்போதே போனால் அப்பா முழித்திருப்பார். டீக்கடை ஒன்பது வரை. யாராவது ஒருவரிடம் அன்றைக்கு டெலிவரிப் பணம் இருக்கும். ஒன்பதரைக்குக் கடைக் கம்பிக்கு வெளியே நீளும் கைகளில் எங்கள் வகுப்புக் கைகளும் இருக்கும். காலையில் அதே கைதான் ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கிப் பழகியிருக்கும். கட்டிங் என்று தொடங்குவார்கள், இரண்டு பேருக்கு ஒரு குவாட்டர். கொஞ்ச நாளில் ஆளுக்கொரு குவாட்டர். கடை மூடும் நேரம் என்பதால் மெதுவாகக் குடிக்கிற பேச்சே இல்லை.

இவர்களிடையே இரண்டு வகையான குடியைப் பார்க்கிறேன். ஒன்று ட்ரீட் குடி. யாரோ ஒருவனுக்கு வேலை கிடைத்தது, பிறந்தநாள், பொங்கல் லீவு. பாட்டு, சிரிப்பு, சில சமயம் வாந்தி, மறுநாள் கேலி. இன்பத்தை இன்றைக்கே பிடிக்கிற வகை. ஆபத்து இல்லை என்று சொல்ல மாட்டேன். பைக் இருக்கிறது, கிணறு இருக்கிறது. ஆனாலும் இந்தப் பையன்களில் பலர் வேலை, கல்யாணம் என்று வந்ததும் குறைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். கூட்டாளிகளோடு ஆடுவதும் ஊர்த் திருவிழாவில் விடிய விடியச் சுற்றுவதும் இந்த வயதின் உரிமை. அதை ஒரு நோய்போலப் பேசுகிற விழிப்புணர்வுப் பேச்சாளர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை.

இன்னொன்று அமைதியான குடி. இதில் பாட்டு இருக்காது. மூன்று தேர்வில் இரண்டு மூன்று கேள்வி வித்தியாசத்தில் போனவர் ஒருவர் இருந்தார். கணக்கில் வகுப்பிலேயே வேகமானவர். குடிக்கிறாய் என்று கேள்விப்படுகிறேனே என்றேன். மறுக்கவில்லை. "நாம படிக்கறதுல ஒண்ணும் இல்ல சார். யாருக்குன்னு எழுதியிருக்கோ அவங்களுக்குத்தான். ஒரு குவாட்டர் போட்டா இன்னிக்கு ராத்திரி அது ஞாபகம் வராது, அவ்ளோதான்" என்றார். ஜிம்பார்டோவின் வினாத்தாளை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான்காவது வகையை அப்படியே சொன்னார். ட்ரீட் குடிக்காரன் இரவை நீட்டிக்கக் குடிக்கிறான். இவர் இரவைச் சீக்கிரம் கழித்துவிடக் குடிக்கிறார். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே பாட்டில்தான். ஆனால் ஒருவனுக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவருக்குச் சொல்லிப் பயனில்லை. முதலாமவனிடம் நாளையைப் பற்றிப் பேசலாம். இரண்டாமவரிடம் நாளையைப் பற்றிப் பேசினால் இன்னும் ஒரு பெக் கூடும், ஏனென்றால் அவர் மறக்க நினைப்பதே அந்த நாளையைத்தான்.

பெண்களும் இதே வகுப்பில் இருக்கிறார்கள், பல ஆண்டுகளில் பாதிக்கு மேல். அதே தேர்வு, அதே காத்திருப்பு. அவர்கள் கடைக் கம்பிக்கு வெளியே நிற்பதில்லை. அவர்களுடைய காத்திருப்பை வேறொருவர் முடித்துவைக்கிறார்: 'இந்த வருஷம் ரிசல்ட் வரலைன்னா மாப்பிள்ளை பார்த்துடுவோம்.' ஆகவே காத்திருப்புதான் குடிக்கக் காரணம் என்று நான் சொன்னால் இவர்களே என்னைப் பொய்யன் ஆக்கிவிடுவார்கள். கூட்டாளிகள், கையெட்டும் தூரத்தில் கடை, ஆண் குடித்தால் மன்னிக்கிற வீடு, இத்தனையும் சேர வேண்டும். காத்திருப்பு அதற்குள் ஒரு கண்ணி. ஆனால் அரசு அலுவலகம் ஒன்று உத்தரவு போட்டு மாற்றக்கூடிய கண்ணி அதுதான் என்பதால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இனி, குடியே காலத்தைச் சுருக்குவது பற்றி. கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசஃப்ஸ் இருவரும் 1990இல் எழுதியது இது: போதையில் இருப்பவருக்குக் கண்ணுக்கு நேரே இருப்பது மட்டும்தான் தெரியும், கொஞ்சம் தள்ளி இருப்பது எல்லாம் மங்கிவிடும். கவலை தள்ளி இருந்தால் அது மறைவது ஆறுதல். விளைவு தள்ளி இருந்தால் அதுவும் சேர்ந்து மறையும், அதுதான் வம்பு. முதல் கட்டிங் உள்ளே போகும்வரை நாளைக் காலை மாதிரித் தேர்வு என்பது ஞாபகம் இருக்கும். இரண்டாவதற்குக் காசு சேர்க்கும்போது இருக்காது.

ஒரு குவாட்டரில் என்ன இருக்கிறது என்று வகுப்பில் ஒரு நாள் போட்டுப் பார்த்தோம். 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். பெருக்கினால் 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடை ஏறக்குறைய 61 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ போனால் அதைக் கடுங்குடி என்ற கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனம் வைக்கிறது. அதாவது உங்கள் கடைகளில் பலரும் கேட்டு வாங்குகிற அந்தச் சின்ன பாட்டில், ஒருவரே உட்கார்ந்து முடித்தால், அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. உடல் ஒரு மணி நேரத்துக்கு ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் கழிக்கும். இரவு பத்து மணிக்கு முடித்த குவாட்டர் விடியற்காலை நான்கு மணி வரையாவது, சிலருக்கு ஏறக்குறைய ஏழு மணி வரையும், இரத்தத்தில் இருக்கும். 375 மில்லி ஆஃப் பாட்டில் என்றால் மறுநாள் பத்து மணி ஆகியும் தீராது. ஒன்பதரைக்குத் தேர்வு. அதற்கு முன்னால் முப்பது கிலோமீட்டர் பைக்.

போர்டில் இந்தக் கணக்கை முடித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. கல்லீரல் படத்துக்கு இத்தனை வருடமாகக் கிடைக்காத அமைதி. இது நாளைக் காலையைப் பற்றிய கணக்கு, அதனால்தான்.

ஆகவே மதுவிலக்குத் துறைக்கு என் முதல் வேண்டுகோள், பதாகையின் தேதியை முன்னால் கொண்டுவாருங்கள். இருபது வருடத்தை விட்டுவிட்டு எட்டு மணி நேரத்தைப் பேசுங்கள். 'பத்து மணிக்கு ஒரு குவாட்டர், விடியற்காலையிலும் இரத்தத்தில்' என்று கடைச் சுவரிலேயே எழுதலாம். பாட்டில் லேபிளில் எத்தனை கிராம் என்று போடலாம். இருபத்தொரு வயது ஆகாதவனுக்கு விற்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. அதைக் கம்பிக்குப் பின்னால் நிற்கிறவர் கேட்கிறாரா என்று ஒரு மாதம் சோதித்துப் பாருங்கள், அதைப் பற்றி இதற்கு மேல் நான் எழுத வேண்டியிருக்காது.

இரண்டாவது வேண்டுகோள் கொஞ்சம் பெரியது. மத்திய சமூகநீதித் துறைக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய கணக்கெடுப்பு, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெறுகிறார் என்றது. அடிமையானவர்களே இப்படி என்றால், அடிமை ஆவதற்கு முன்னால் நிற்கிற என் மாணவர்கள் யார் கண்ணில் படுவார்கள்? அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவு காலையில். அந்த நேரத்தில் இவர்கள் குடிகாரர்கள் இல்லை, தலைவலியோடு நூலகத்தில் இருக்கிற நல்ல பிள்ளைகள். ஆலோசகர் ஒருவர் மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை, நூலகத்திலோ கல்லூரியிலோ, வாரம் இரண்டு நாள் உட்காரட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது. ஒரு தடவையில் எவ்வளவு குடிக்கிறாய், தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, முந்தின இரவு நடந்தது மறந்துபோகிறதா என்றெல்லாம் கேட்கும். ஐந்து நிமிட வேலை. அதோடு, அமெரிக்காவில் ஜேம்ஸ் மர்ஃபியின் குழு 2012இல் செய்ததையும் பாருங்கள். அதிகம் குடிக்கும் கல்லூரி மாணவர்களுக்குக் குடியைப் பற்றிய ஆலோசனை ஒரு அமர்வு. கூடவே, என்ன ஆக விரும்புகிறாய், அதற்கு இந்த வாரம் என்ன செய்கிறாய், குடி இல்லாமல் பொழுது எப்படிப் போகும் என்று இன்னொரு அமர்வு. இந்த இரண்டாவது அமர்வும் கிடைத்தவர்களுக்குக் குடியால் வரும் தொல்லைகள் கூடுதலாகக் குறைந்தன. குடியைவிட நாள்களைப் பற்றி அதிகம் பேசிய அமர்வு அது. எங்கள் மாணவர்களிடம் அதை நடத்த ஒரு நாற்காலியும் ஒரு பொறுமையான ஆளும் போதும்.

அப்புறம் அந்த இரண்டு மணி நேரம். நூலகத்தைப் பத்து மணி வரை திறந்துவைப்பது உங்கள் துறையின் வேலை இல்லை என்பீர்கள். 2024-25இல் மட்டும் கடைகள் வழியாக அரசுக்கு வந்தது 48,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு மாவட்ட நூலகத்துக்கு இரண்டு மணி நேர மின்சாரமும் ஒரு காவலரும் அதில் எங்கே தெரியப் போகிறது? பக்கத்திலேயே மைதானத்தில் விளக்கு எரிந்தால் இன்னும் நல்லது. வாலிபால் ஆடுகிறவனும் இன்றைய இன்பத்தைத்தான் நாடுகிறான். அவனுக்கு நாளையைப் போதிக்க வேண்டியதில்லை, வலை கிழியாமல் இருந்தால் போதும்.

கடையையே மூடு என்று நீ ஏன் கேட்கவில்லை என்பார்கள். கேட்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2024இல் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தது மெத்தனால் கலந்த சாராயத்தால். அதைக் காட்டி மூடாதே என்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு 1937இல் சேலத்தில் மதுவிலக்கு வந்த நாளிலிருந்து நடக்கிறது, நான் புதிதாகச் சேர்க்க ஒன்றும் இல்லை.

தேர்வாணையத்துக்கு நான் கேட்பது சின்ன விஷயங்கள். உத்தேசப் பட்டியலில் ஒரு மாதத்தைப் போட்டால் அந்த மாதத்தில் முடிவைக் கொடுங்கள். முடியவில்லை என்றால், அந்த மாதம் முடிவதற்கு முன்பே, ஏன் முடியவில்லை, இனி எந்தத் தேதி என்று இரண்டு வரி எழுதுங்கள். தாமதத்தைவிடச் சத்தமில்லாமல் மாறுகிற தேதிதான் பையன்களை அதிகம் கெடுக்கிறது. நாள் தள்ளிப்போனால் கோபம் வரும். யாரும் எதுவும் சொல்லாமல் பட்டியலில் மாதத்தின் பெயர் மட்டும் மாறியிருந்தால், 'எழுதி வச்சபடி நடக்கும்' என்ற எண்ணம்தான் வரும். அந்த எண்ணத்துக்குப் பக்கத்தில்தான் குவாட்டர் இருக்கிறது என்பதை மேலே எழுதிவிட்டேன்.

தேர்வில் வராதவருக்கும் ஏதாவது கொடுங்கள். சில தேர்வுகளில் அவருக்குக் கிடைப்பது, பட்டியலில் தன் எண் இல்லை என்ற செய்தி மட்டும். பாடவாரியாக எங்கே போயிற்று, கட்-ஆஃபுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தார் என்று எல்லாத் தேர்வுக்கும் ஒரே மாதிரி, முடிவு வரும் அன்றே ஒரு தாள் கொடுக்கலாம். இரண்டு கேள்வியில் போனவர் அடுத்த முறை எழுதலாம். அறுபது கேள்வியில் போனவர் வேறு வேலைக்குப் போகலாம். அதை ஏழாவது வருடத்தில் தெரிந்துகொள்வதைவிட இரண்டாவது வருடத்தில் தெரிந்துகொள்வது அவருக்கும் வீட்டுக்கும் நல்லது. நாளை எப்படி இருக்கும் என்று ஒரு கோடாவது தெரிந்தால்தான் அதற்காக இன்றைக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க மனம் வரும்.

கடைசியாக ஒன்று, இதற்குச் செலவே இல்லை. முடிவு வெளியாகும் அன்றிரவு உங்கள் இணையதளம் திணறும். பதிவெண்ணைப் போட்டு, சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, மறுபடி போட்டு, மறுபடி போட்டுக் கடைசியில் பக்கம் திறக்கும். அன்று இரவு எங்கள் ஊரில் கடைக்கு யார் யார் போவார்கள் என்று என்னால் முன்கூட்டியே சொல்ல முடியும். அந்தப் பக்கத்தின் அடியில், எண் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டு தொலைபேசி எண்களைப் போடுங்கள்: மனநல ஆலோசனைக்கு 14416, குடி, போதை பற்றிப் பேச 14446. மதுவிலக்குத் துறையும் தேர்வாணையமும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய ஒரே ஒரு கோப்பு இதுதான். அடுத்த குரூப் 4 முடிவுக்கு முன்னால் அது நகர்ந்தால் எங்கள் வகுப்பு மாணவர்களிடம் நானே தேதியோடு போய்ச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
போட்டித் தேர்வு வகுப்பில் கணக்கு நடத்தும் ஒருவன்